கைட்டா, விங்கா? வன்னிக் கரையில் முதலில் எதைப் பழகுவது?

தம்பி, உம்முடைய நிலைமை இதுதான் என்று விளங்கிக்கொள்கிறேன். கிளிநொச்சியில் வேலை, வயது 27, எடை 82 கிலோ. குளத்தில் நன்றாக நீந்துவீர். வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் மன்னார் வரை போய்வரலாம். ரொறன்ரோவிலிருந்து ஆடியில் வரும் மச்சான், தான் பாவித்த விங் ஃபொயில் சாமான்களை அப்படியே கொண்டுவந்து தரத் தயார். பார்த்த காணொளிகள் எல்லாம், புதியவருக்குக் கைட் போர்டிங்கை விட விங் ஃபொயிலிங்தான் பாதுகாப்பு என்கின்றன. எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்.

என் பதில் கைட். காணொளிகள் பொய் சொல்லவில்லை. அவை எடுக்கப்பட்ட தண்ணீர் வேறு, உமக்குக் கிடைக்கப்போகும் தண்ணீர் வேறு, அவ்வளவுதான். அங்கே கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே நெஞ்சளவு ஆழம் வந்துவிடுகிறது. வன்னியின் மேற்குக் கரையிலோ நீண்ட தூரம் நடந்த பிறகும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் ஏராளம். நீர் எதைப் பழகலாம் என்பதை அந்த ஆழமே தீர்மானிக்கிறது.

இரண்டும் என்னவென்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். கைட் போர்டிங்கில் காற்றடைத்த விளிம்புள்ள பெரிய பட்டம் ஒன்று 20 முதல் 24 மீற்றர் நீளமான கயிறுகளின் முனையில் பறக்கும். கயிறுகள் கையில் இருக்கும் தண்டுக்கு வரும். இழுவையைத் தாங்குவது இடுப்பில் கட்டிய ஹார்னஸ். காலின் கீழ் 1.4 மீற்றர் அளவில் ஒரு தட்டைப் பலகை. காற்றடைத்த விளிம்புள்ள இந்தப் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரியவர்கள் பிரான்சின் லெகாய்னு சகோதரர்கள். தண்ணீரில் விழுந்த பட்டத்தைத் திரும்பவும் எழுப்பலாம் என்றான பிறகுதான் இது சாதாரண மனிதரும் பழகும் விளையாட்டானது. விங் ஃபொயிலிங் நேற்றுப் பிறந்தது. 2018, 2019 அளவில்தான் கடைகளுக்கு வந்தது. அதில் கயிறே இல்லை. காற்றடைத்த சிறகை நேரே கையில் பிடிக்கிறீர். பலகையின் அடியில் 75 முதல் 85 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கம்பம், அதன் நுனியில் சிறு விமானம் போன்ற ஃபொயில். வேகம் பிடித்ததும் அந்த ஃபொயில் பலகையையும் உம்மையும் சேர்த்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்.

விங்கைப் பாதுகாப்பானது என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையை விட்டால் போதும், சிறகு மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய கயிற்றில் கொடி போலக் கிடந்து படபடக்கும். கைட் அப்படி இல்லை. காற்று 15 நொட்டிலிருந்து 20 நொட்டுக்கு, அதாவது மணிக்கு 28 கிலோமீற்றரிலிருந்து 37 கிலோமீற்றருக்கு ஏறினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும் என்றுதான் எவரும் நினைப்பார். உண்மையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும், ஏனென்றால் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. விங்குக்கும் இதே கணக்குத்தான், ஆனால் விங் உம்முடைய கையோடு நிற்கிறது. கைட் வானத்தில் தானாகவே பாய்ந்து, தன் வேகத்தையும் காற்றின் வேகத்தோடு சேர்த்துக்கொள்கிறது. தவறான நேரத்தில் தண்டை உள்ளே இழுத்துப் பிடித்தால் 9 சதுர மீற்றர்ப் பட்டம் 82 கிலோ மனிதனைத் தரையிலிருந்து தூக்கும். உலகில் கைட்டால் நேர்ந்த கடுமையான விபத்துகளில் பல தண்ணீரில் நடந்தவை அல்ல. கரையில், பட்டத்தை எழுப்பும்போதோ இறக்கும்போதோ, மரம், சுவர், வேலி எதிலாவது மோதி நடந்தவை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் கைட் என்கிறேன்? கைட்டின் ஆபத்தைப் பயிற்சியால் குறைக்கலாம். ஆழமில்லாத தண்ணீரைப் பயிற்சியால் ஆழமாக்க முடியாது.

ஃபொயிலின் கம்பத்தையும் அதற்குக் கீழே உள்ள பாகத்தையும் சேர்த்தால் ஒரு மீற்றர் அளவு வந்துவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் பழகுபவர் பலகையை நேராக ஓட்டுவதில்லை. அது மேலே எழும்பித் தடாலென்று விழும். குறைந்தது இடுப்புக்கு மேல், நிம்மதியாக விழுவதற்கு நெஞ்சளவு தண்ணீர் வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஃபொயில் மணலில் குத்தினால் பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீர் மட்டும் முன்னே போவீர். அதுவும் எதன் மேல் விழுவீர் என்பது உம்முடைய கையில் இல்லை. ஃபொயிலின் விளிம்பு கத்தி அளவுக்குக் கூர்மையாகவே இருக்கும். ஆழமில்லாத இடத்தில் விழுந்து அதன் மேல் உட்கார்ந்தவர்களுக்குத் தையல் போட வேண்டி வந்திருக்கிறது.

ஆழம் கிடைத்தாலும் அடியில் கடற்புல். பாக்கு விரிகுடாப் பக்கம் கடற்புல் செழித்த கரை. கடற்பசு மேயும் கடல் அது. பிடுங்குண்டு மிதக்கும் புல் ஃபொயிலில் சுற்றினால் பலகை எழும்பவே எழும்பாது. பிறகு வலைகள், நட்ட கம்புகள். கைட் பலகை தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிப் போகிறது. 40 சென்ரிமீற்றர் தண்ணீர் அதற்குத் தாராளம். பழகும்போது பலகை ஓடிவிட்டால் நடந்து போய் எடுக்கலாம், காற்றுக்கு எதிராக ஏறத் தெரியாத முதல் நாட்களில் பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்திக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே நடந்து வரலாம். ஆழமான கடலில் கைட் பழகுபவர்கள் ஏங்குகிற வசதி இது. மன்னாரும் கற்பிட்டியும் கைட்டுக்குப் பேரெடுத்ததற்குக் காற்று பாதிக் காரணம், இந்த ஆழமின்மை மீதிக் காரணம்.

காற்றைப் பற்றி உமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வைகாசி பிறந்து சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் புரட்டாதி வரை ஓயாது. ஆனி, ஆடி, ஆவணி உச்சம். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020 இறுதியில் திறந்த தம்பபவனிக் காற்றாலையில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். காற்று நம்பக்கூடியது என்று மின்சார சபையே பணம் போட்டு ஒப்புக்கொண்ட இடம். (அந்தக் கோபுரங்கள் நிற்கும் கரையோரம் பட்டம் ஏற்றும் யோசனை வேண்டவே வேண்டாம்.) சித்திரையில் காற்று படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடி மழைக் காலம். கருமேகத்தின் முன்னால் வரும் திடீர்க் காற்று பழகியவரையே வீழ்த்தும், அந்த இரண்டு மாதமும் சாமானைக் கட்டி வையும்.

ஆனால் காற்று வீசினால் மட்டும் போதாது. எந்தக் கரையில் நிற்கிறீர் என்பதைப் பொறுத்து அதே காற்று நண்பனாகும், அல்லது நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். கரையை நோக்கிச் சரிவாக வீசும் காற்றே பழகுபவருக்கு ஏற்றது. மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. சோழகம் தெற்குக் கரையில் நேரே கரைக்கு ஏறி வருகிறது, கூடவே அலையும் வருகிறது. வடக்குக் கரைக்குப் போனால் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அமைதியாக இருக்கும். புதியவர் ஏமாறும் இடம் அதுதான். அங்கே சோழகம் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. ஏதாவது பிழைத்தால் உம்மைப் பாக்கு விரிகுடாவின் நடுவுக்குத் தள்ளும். வாடைக் காலத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். தலைமன்னார்ப் பக்கத்து மணல் திட்டுகளின் மறைவில் அமைதியான தண்ணீரும் நல்ல காற்றும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அது இந்திய எல்லைக்கு அண்மித்த கடல், கடற்படையின் கண் எப்போதும் அங்கே இருக்கும்; 2015இல் ஆதாம் பாலம் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. படகு வைத்திருக்கும் பயிற்சியாளர் இல்லாமல், அனுமதி கேட்காமல், அங்கே தனியாக இறங்கக் கூடாது.

பூநகரியிலிருந்து மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியில் முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஆசை வரும், மேற்கே கடல் கிட்டத்தானே என்று. சோழகம் அந்தக் கரைக்குச் சரிவாகத்தான் வருகிறது, அது உண்மை. ஆனால் சேறும் கண்டலும் வலையும் நிறைந்த கரை. எந்த இடத்தில் இறங்கலாம் என்பதை அங்குள்ள மீனவர் ஒருவர் காட்டாமல் தேட வேண்டாம்.

முல்லைத்தீவைப் பற்றியும் கேட்பீர், உமக்கு அதுதானே கிட்ட. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்க்கிறது. சோழகம் அங்கே முழுக்க முழுக்க நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று, அதுவும் காடுகளைத் தாண்டி வருவதால் விட்டு விட்டு அடிக்கும். வாடை நேரே கரைக்கு வரும், ஆனால் அதோடு வரும் அலை கரையிலேயே உடைந்து விழும். ஆகவே பழகுவதற்கு இரண்டு பருவமும் சரியில்லை. நன்றாகத் தெரிந்த பிறகு வாடையில் அலை ஓட்டப் போகலாம். நந்திக்கடல் படத்தில் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். 2009க்குப் பிறகு அந்தத் தண்ணீரில் விளையாட மனம் வருமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வரவில்லை.

இரணைமடுவில் விங் ஓட்டலாமா என்று எழுதியிருந்தீர். ஆழம் இருக்கிறது, அது சரி. கைட்டுக்கு வேண்டிய அகன்ற வெற்றுக் கரையும் தேவையில்லை. ஆனால் சோழகம் பலமாக வீசும் மாதங்களில்தான் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றுகிறது, பட்ட மரக்கட்டைகள் மேலே வருகின்றன, மேலே வராதவை ஃபொயிலுக்காகக் கீழே காத்திருக்கின்றன. வாடையில் குளம் நிறைந்திருக்கும், காற்றோ மரங்களுக்கு மேலால் உடைந்து வரும். வன்னிக் குளங்களில் முதலை உண்டென்பதும் உமக்குத் தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களம் அனுமதி தந்தாலும் முதல் பாடத்துக்கு உரிய இடம் அது அல்ல.

பழகும் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கைட்டில் முதல் மணித்தியாலங்கள் அலுப்பு. பட்டத்தைக் கட்டுப்படுத்துவது, பலகையில்லாமல் தண்ணீரில் இழுபடுவது, ஆபத்தில் பட்டத்தைக் கழற்றிவிடுவது, கடலில் பட்டத்தைச் சுருட்டி அதையே மிதவையாக்கிக் கரைக்கு வருவது. பொதுவாக 9 முதல் 12 மணித்தியாலப் பயிற்சியில் பலகையில் எழுந்து சற்றுத் தூரம் போய்விடுவார்கள். அதன் பிறகு வேகமாக வளரும். விங்கில் முதல் நாளே பலகையில் முழந்தாளிட்டு ஏதோ ஒரு திசையில் நகர்ந்துவிடுவீர், மகிழ்ச்சியாக இருக்கும். ஃபொயிலில் பறப்பதற்குத்தான் நாட்கள் பிடிக்கும்; அந்த நாட்களில் விழுந்து விழுந்து பலகையில் ஏறுவதே வேலை. வார இறுதியில் மட்டும் வருபவருக்கு இது இன்னும் மோசம். கால்கள் பழகிய சமநிலையை அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்துவிடும்.

அதனால் கைட்டையும் வார இறுதிகளில் துண்டு துண்டாகப் பழகாதேயும். ஆடியில் ஒரு வாரம் லீவு எடுத்து, கற்பிட்டியிலோ தலைமன்னார்ப் பக்கத்திலோ தொடர்ந்து பழக வேண்டும். கற்பிட்டி வன்னிக்கு வெளியே, புத்தளம் மாவட்டத்தில் இருந்தாலும் பயிற்சிப் பள்ளிகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. போட்டி வளர்ந்த இடத்தில் கேள்வி கேட்கவும் வசதி. அதன் பிறகு வார இறுதிகள் போதும்.

சிறு வயதில் பொங்கலையொட்டி வாடைக்குப் பட்டம் ஏற்றியிருப்பீர். அந்தக் கை அனுபவம் வீண் போகாது. பட்டம் தலைக்கு மேல் நிற்கும்போது இழுவை குறைவு, தாழ்ந்து காற்றின் நடுவுக்கு வரும்போது இழுவை அதிகம் என்பது கைக்கு ஏற்கெனவே தெரியும். அதைக் கூர்மையாக்க 2 அல்லது 3 சதுர மீற்றர்ப் பயிற்சிப் பட்டம் ஒன்று போதும். ஆவணியில் தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடக்கும் தரவையில், மின்கம்பியும் பனையும் இல்லாத பக்கமாகப் பார்த்து, மாலையில் ஓட்டிப் பழகலாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஊரவர் நடந்து திரியும் தரவையை மட்டுமே தெரிவு செய்ய வேண்டும்.

இனி மச்சானின் சாமான். ஃபொயிலையும் பலகையையும் அங்கேயே விற்றுவிடச் சொல்லும். உம்முடைய எடைக்குப் பழகும் பலகை 120 லீற்றர் அளவு இருக்க வேண்டும், அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மன்னார்ப் பாலத்துக் காற்றில் போவதை நினைத்துப் பாரும். அவருடைய பலகை அனுபவசாலிக்கு உரிய 80, 90 லீற்றர்ப் பலகையாக இருந்தால் நீர் அதில் நின்று காற்றைப் பிடிப்பதற்குள்ளேயே மூழ்கத் தொடங்கும். ஃபொயிலின் திருகாணிகள் உப்புத் தண்ணீரில் அலுமினியக் கம்பத்தோடு இறுகிப்போகும் இயல்புள்ளவை. ஒவ்வொரு முறையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் பூசி வைக்காவிட்டால் பழைய ஃபொயில் என்பது பழைய இரும்புதான். சிறகை மட்டும் கொண்டுவரச் சொல்லும். 5 அல்லது 6 சதுர மீற்றர் அளவாக இருந்தால் நல்லது. முதுகில் மாட்டும் பைக்குள் அடங்கிவிடும், தரவையில் சில்லுப் பலகையோடு ஓடலாம், நின்று துடுப்புப் போடும் பெரிய பலகை எங்காவது கிடைத்தால் ஃபொயில் இல்லாமலே களப்பில் ஓட்டலாம். ஒரு நாள் ஆழமான தண்ணீர் அமையும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

விற்ற பணத்தில் பாவித்த கைட் ஒன்று வாங்கலாம். சோழகத்துக்கு 9 சதுர மீற்றர். வாடை சற்று மென்மை என்பதால் பின்னர் ஒரு 12. இருபது வருடப் பழைய பட்டத்தை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தண்டைத் தள்ளினால் இழுவை ஏறக்குறைய முழுவதும் விழுந்துவிடும் வடிவங்கள் அதன் பிறகுதான் பரவலாக வந்தன. வாங்கும்போது துணியை விட வால்வுகளைத்தான் பார்க்க வேண்டும். நம் வெயிலில் வால்வு ஒட்டிய பசை இளகிக் கழன்றுவிடும், குளிர் நாட்டில் பத்து வருடம் கிடந்த பட்டமும் மன்னாரில் இரண்டாம் நாள் காற்று இறங்கும். காற்றடைத்து ஓர் இரவு வைத்துப் பார்க்கச் சொல்லும். பழைய கயிறுகள் நீளம் மாறியிருக்கும். நான்கையும் ஓர் ஆணியில் மாட்டி இழுத்து ஒப்பிட வேண்டும். தலைக்கவசமும் மிதவை அங்கியும் புதிதாகவே வாங்கும்.

மீனவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறை. கரைவலை வளைக்கும் இடம் வெறும் மணல் அல்ல, ஒருவருடைய பாடு. காலையில் வலை கடலில் இருக்கும்போது உம்முடைய பட்டம் அந்தக் கயிற்றின் மேல் விழுந்தால் அன்றைய தொழில் கெட்டது. முதலில் சம்மாட்டியிடமோ கடற்றொழிலாளர் சங்கத்திலோ போய்ப் பேச வேண்டும். காற்று நன்றாக ஏறுவது பெரும்பாலும் மதியத்தோடுதான், அதற்குள் வலை இழுத்து முடிந்திருக்கும். இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. இன்னொன்று, நீர் கரைக்கு வராவிட்டால் தேடி வள்ளம் இறக்கப்போகிறவர்களும் அவர்களே. வாடைக் காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருக்கும். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமான இடம். பறவைக்குத் தலைக்கு மேல் பட்டம் என்றால் பருந்து என்றுதான் அர்த்தம்; அந்தத் தண்ணீரை அவற்றுக்கே விட்டுவிடலாம்.

கால் ஓரம் பார்த்து வைக்க வேண்டியது திருக்கை. ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டு நடந்தால் அதுவே விலகிப் போகும். றப்பர்ச் சப்பாத்து சிப்பிக்கும் உதவும்.

என் பதில் மாறும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. கைட்டை எழுப்பவும் இறக்கவும் இன்னொருவர் வேண்டும். தனியாகச் செய்யும் வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை புதியவருக்கு உரியவை அல்ல. உம்மோடு மன்னார் வர ஒருவரும் இல்லை, எப்போதும் தனியாகத்தான் இறங்குவேன் என்றால் கைட் வேண்டாம். அப்போது விங்தான், அதுவும் ஆழமும் கரைக்குச் சரிந்த காற்றும் உள்ள ஓர் இடம் கிடைக்கும் வரை ஃபொயில் இல்லாமல். நண்பர் ஒருவரையும் சேர்த்து இரண்டு பேராகப் பயிற்சிக்குப் போக முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. செலவும் குறையும், பட்டம் எழுப்ப ஆளும் ஆயிற்று.

பள்ளிக்குப் பணம் கட்டும் முன் மூன்று விடயம் கேளும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர். இருவருக்கு மேல் என்றால் வேண்டாம். பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் இயந்திரப் படகு தயாராக நிற்குமா, அல்லது கூப்பிட்டால் வருமா. பாதுகாப்புக் கழற்றியை முதல் நாளே, தண்ணீருக்குள், இழுவை இருக்கும்போது உம்முடைய கையாலேயே இழுக்க விடுவார்களா. மூன்றாவதற்குத் தயங்குகிற பள்ளி மலிவாக இருந்தாலும் அடுத்ததைப் பாரும்.